பாதையும் நேரமும்

வீதி கல்லினால் அமைவது. போக்குவரத்து ஒழுங்கினால் அமைவது. கல்லைப் பரப்பியவுடன் வீதி தோன்றிவிடும். ஒழுங்கு தோன்றுவதற்கோ தலைமுறைகள் வேண்டியிருக்கின்றன. இவ்வுண்மைக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறை வீதி நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் அவ்வீதி கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம் என்னும் ஊர்களை ஊடறுத்துத் தெல்லிப்பழையை அடைகிறது. அங்கிருந்து மாவிட்டபுரத்தைக் கடந்து காங்கேசன்துறைக் கடற்கரையில் முடிகிறது. அதன் முழு நீளமும் ஏறக்குறைய 18 கிலோமீற்றர். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய பாடசாலையின் வழிவந்த யூனியன் கல்லூரியும், 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய மகாஜனக் கல்லூரியும், துர்க்கையம்மன் ஆலயமும், ஆதார வைத்தியசாலையும் தெல்லிப்பழையில் உள்ளன. ஆதலின் அது பிறவூராரை நாள்தோறும் தன்பால் வரவழைக்கும் ஊராகும். வருவோரிற் பலர் சொந்த வாகனம் இல்லாதவர். மாணவர், நோயாளர், முதியோர் ஆகியோருடைய நாளின் ஒழுங்கு, பஸ் வண்டி எப்பொழுது வரும் என்னும் ஒரே வினாவிலே தங்கியுள்ளது.

இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு உலகின் நகரங்கள் சில கடந்த அரை நூற்றாண்டில் வகுத்த முறையே ‘விரைவுப் பஸ் தடம்’ எனப்படுகிறது. வீதியின் ஒரு பகுதியைப் பஸ் வண்டிகளுக்கென்றே ஒதுக்கி, அவற்றைப் புகையிரதம் போலக் காலந்தவறாது ஓடச் செய்வது அம்முறை. அதன் உட்பொருளை அறிவதற்கு முன்னர், இவ்வீதியின் பழைய வரலாற்றை நோக்குதல் நன்று. பெருநகரங்கள் பின்னர் எதிர்கொண்ட பிணியையும் அதற்குரிய மருந்தையும் இச்சிறிய வீதியே முன்னர்க் கண்டிருக்கிறது.

குடாநாட்டின் பயணங்களுக்கு நேரத்தைக் கொண்டுவந்த வாகனம் புகையிரதம். அதற்கு முன் மாட்டு வண்டியே மக்களையும் பொருளையும் சுமந்தது. மாட்டு வண்டிக்குப் புறப்படும் வேளை உண்டு. சேரும் வேளை இல்லை. 1902ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆந் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 21 மைல் நீளமான இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி வடபகுதிப் பாதை முழுமையுற்று, கொழும்பிலிருந்து நேரே யாழ்ப்பாணம் வருதல் கைகூடிற்று. மல்லாகத்துக்கும் மாவிட்டபுரத்துக்கும் இடையில், வீதிக்கு அணித்தாகவே தெல்லிப்பழை நிலையம் அமைந்தது.

புகையிரதத்தின் சிறப்பு வேகத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அதற்குத் தனிப் பாதை உண்டு. கட்டணத்தை ஏறுமுன்னரே செலுத்திவிடலாம். ஏறுமேடை வண்டியின் வாயிலை நோக்கி உயர்ந்திருக்கும். புறப்படும் நேரத்தைச் சாரதி தம் விருப்பப்படி மாற்ற இயலாது. ஆட்கள் பலராயினும் சிலராயினும், குறித்த வேளையிற் கொடி அசைந்துவிடும். இந்நான்கு இயல்புகளையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்; அவை பின்னர் வேறோர் உருவில் மீண்டும் தோன்றும்.

பஸ் வண்டி இதற்கு மாறான வழியில் வளர்ந்தது. 1907இல் இலங்கைக்கு வந்த அவ்வாகனம் தனியார் முயற்சியாகவே நாடெங்கும் பரவிற்று. குடாநாட்டில் ‘தட்டி வான்’ எனப்பட்ட மரக்கூட்டு வண்டிகள் ஆட்களோடு வாழைக்குலைகளையும் மரக்கறி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு சந்தைகளுக்குச் சென்றன. புகையிரதம் எட்டாத ஊர்களுக்கு அவை செய்த தொண்டு பெரிது. ஆயினும் அக்காலத்துப் பஸ் சேவையை ஒரு பிணி பற்றிக்கொண்டது. ஒரே வீதியில் இரண்டு மூன்று உரிமையாளரின் வண்டிகள் ஓடின. ஏறும் ஒவ்வோர் ஆளும் உரிமையாளருக்குக் காசு. ஆகவே முன்னே செல்லும் வண்டியை முந்திச் செல்வதும், போட்டிக்கு வண்டி இல்லாத வேளையில் ஆட்கள் நிறையும்வரை தரிப்பிடத்திலே காத்துக்கிடப்பதும் வழக்கமாயின. போட்டி முற்றிக் கைகலப்பாக மாறிய இடங்களும் உண்டு.

இதனைத் தடுக்கும் நோக்குடன் 1942ஆம் ஆண்டு பஸ் சேவைகளுக்கு உரிமம் வழங்கும் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஒரு வீதியிற் சேவை நடத்தும் உரிமையைப் பலருக்குப் பகிராது ஒருவருக்கே வழங்குதல் அதன் அடிப்படை. வீதிச் சண்டை தணிந்தது. ஆயின் இலாபம் தரும் வீதியையே நாடும் இயல்பு தணியவில்லை. 1948இல் இரத்தினம் அறிக்கையும், 1954இல் சன்சோனி அறிக்கையும், 1956இல் ஜயரத்தின பெரேரா அறிக்கையும் பஸ் சேவைகளை ஆராய்ந்தன. ஈற்றில், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரதமராகவும் மைத்திரிபால சேனநாயக்க போக்குவரத்து அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி, தனியார் பஸ் கம்பனிகள் தேசிய மயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிற்று.

சபை செய்த மாற்றத்தின் வேர், சம்பளத்தில் இருந்தது. சாரதியும் நடத்துநரும் மாதச் சம்பளம் பெறும் ஊழியராயினர். முன் செல்லும் வண்டியும் சபையின் வண்டியே, பின் வரும் வண்டியும் சபையின் வண்டியே என்றானபின் முந்திச் செல்வதற்குக் காரணம் இல்லாது போயிற்று. நேர அட்டவணை வந்தது; மாணவருக்குப் பருவச்சீட்டு வந்தது. இரவிற் கடைசி வண்டி ஊரிலே தங்கி, விடியலில் முதல் வண்டியாகப் புறப்படும் வழக்கமும் நாட்டுப்புறங்களில் நிலைபெற்றது. 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம் கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே என்ன செய்ததோ, அதனைச் சபையின் சிவப்பு வண்டிகள் ஊருக்கும் ஊருக்கும் இடையே செய்தன எனலாம்.

குறைகளும் இருந்தன. காலப்போக்கில் ஊழியர் தொகை வண்டித் தொகைக்குப் பொருந்தாது பெருகிற்று, அரசியற் செல்வாக்கு நியமனங்களிற் புகுந்தது, உதிரிப் பாகம் இன்றி வண்டிகள் சாலைகளிலே முடங்கின, நட்டம் வளர்ந்தது. 1978இற் சபை பிரதேச சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. பயணிகள் அவற்றை வரவேற்றனர். வண்டி இல்லாத இடத்திலே வண்டி வந்தது நன்மையே. ஆனால் வண்டியோடு பழைய பிணியும் திரும்பிற்று. அன்றன்றைய வருவாயிற் பங்கு பெறும் சாரதிக்கு ஆளே காசாயிற்று; முந்துதலும் காத்துக்கிடத்தலும் மீண்டும் தொடங்கின.

இப்பிணியின் தன்மையை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். ஒரு வீதியில் மணிக்கு 6 வண்டிகள் ஓடுவதாகக் கொள்க. அவை 10 நிமிடத்துக்கு ஒன்றாக வருமாயின், தரிப்பிடத்துக்கு வரும் பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே 6 வண்டிகளும் போட்டியினால் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடுமாயின், 20 நிமிடத்துக்கு ஒருமுறையே ஓர் இணை வரும். பயணியின் காத்திருப்பு 10 நிமிடமாகும். வண்டி குறையவில்லை, எண்ணெய் குறையவில்லை, ஊழியர் குறையவில்லை. காத்திருப்பு மட்டும் இரு மடங்காயிற்று. மேலும், முன் வண்டியில் மிதிபலகை வரை ஆட்கள் தொங்குவர். பின் வண்டி வெறும் இருக்கைகளோடு ஓடும். முந்திச் செல்லும் ஆரவாரத்தைக் கண்டு வண்டி விரைவாகப் போகிறதென எண்ணுவோர், தரிப்பிடத்திற் கழிந்த நேரத்தைக் கணக்கிலே சேர்ப்பதில்லை.

இதே பிணியைத் தென்னமெரிக்காவின் பெருநகரங்களும் அனுபவித்தன. அவற்றுள் முதலிற் புதுவழி கண்டது பிரேசில் நாட்டின் குரிட்டிபா நகரம். கட்டடக் கலைஞரான ஜெய்மே லெர்னர் அங்கு நகர முதல்வராயிருந்த காலத்தில், 1974இல், வீதியின் நடுவே பஸ் வண்டிகளுக்கென்றே ஒரு தடம் ஒதுக்கப்பட்டது. நிலத்தடிப் புகையிரதம் அமைப்பதற்கு வேண்டிய பெரும்பணம் அந்நகரிடம் இருக்கவில்லை. இருந்த வீதியையே அது பகுத்துக்கொண்டது.

பொது வீதியைப் பகுத்து ஒரு வாகனத்துக்குக் கொடுப்பது நீதியோ எனச் சிலர் வினவலாம். தேர் வரும் வேளையில் வீதியை மறித்து ஒருவரும் நிற்பதில்லை. செல்வர் வண்டியும் ஒதுங்கும். வறியவர் வண்டியும் ஒதுங்கும். தேர் ஒருவருக்கு உரியதன்று, ஊருக்கே உரியது என்பதனால் வீதி அதற்கு வழிவிடுகிறது. ஐம்பது பேரைச் சுமந்து வரும் பஸ் வண்டிக்கு, ஒருவரை மட்டும் சுமந்து வரும் காரினும் கூடிய உரிமை உண்டு என்பதும் இத்தகைய நியாயமே.

1991இல் குரிட்டிபாவிற் குழாய் வடிவிலான நிலையங்கள் எழுந்தன. பயணி நிலையத்துட் புகும்பொழுதே கட்டணம் செலுத்திவிடுவார். நிலையத்தின் தளம் வண்டியின் தளத்தோடு ஒரே உயரத்தில் இருக்கும். ஆகையால் முதியவரும் குழந்தையை ஏந்திய தாயும் படி ஏறாமலே உள்ளே செல்லலாம். ஒரே வாயிலில் 20 பேர் ஏறி, ஒவ்வொருவரும் மூன்று விநாடி நின்று காசு கொடுப்பாராயின், அத்தரிப்பில் ஒரு நிமிடம் கழியும். பத்துத் தரிப்பில் பத்து நிமிடம் போய்விடும். காசும் படியும் இல்லாது பல வாயில்களால் ஏறும்பொழுது அந்நேரம் மிகச் சுருங்கும். தனிப் பாதை, முற்கட்டணம், உயர்ந்த மேடை என்னும் புகையிரதத்தின் மூன்று இயல்புகள் இவ்வாறு பஸ் வண்டிக்கு வந்து சேர்ந்தன.

நான்காவது இயல்பைத் தெளிவாக நிலைநாட்டியது கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டா. அங்கே ஆட்களுக்காக வண்டிகள் நடத்திய போட்டியை மக்கள் ‘காசுச் சண்டை’ என்னும் பொருள்பட அழைத்தனர். என்ரிக்கே பெனலோசா நகர முதல்வராயிருந்தபொழுது, 2000ஆம் ஆண்டு டிசம்பரில், ‘டிரான்ஸ்மிலேனியோ’ என்னும் சேவை தொடங்கிற்று. அதன் தடங்களையும் நிலையங்களையும் கண்டு வியந்தோர் பலர். ஆயின் அதன் உயிர்நிலை கணக்குப் புத்தகத்தில் இருந்தது. வண்டியை நடத்தும் கம்பனிக்கு, ஏற்றிய ஆட்களின் தொகையைக் கொண்டு அன்றி, ஓடிய கிலோமீற்றரைக் கொண்டே பணம் கொடுக்கப்பட்டது. கட்டணப் பணம் ஒரு பொதுக் கணக்கிற் சேர்ந்தது. முந்திச் சென்றால் இலாபம் இல்லை. நேரம் தவறினால் தண்டம் உண்டு. காசுச் சண்டை அத்தடங்களில் ஓய்ந்தது. இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958இற் சம்பளத்தினாற் செய்ததையே பொகோட்டா ஒப்பந்தத்தினாற் செய்தது.

இந்தியாவில் இருவகை அனுபவங்களும் உண்டு. டில்லியில் 2008இல் 5.8 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு தடம் திறக்கப்பட்டது. தடம் இருந்தது, ஆனால் எல்லா வகைப் பஸ்களும் வழமைபோல் அதனுட் புகுந்தன. ஓட்டத்தின் ஒழுங்கு மாறவில்லை. கார் வைத்திருப்போரின் எதிர்ப்பும் வலுத்தது. 2016இல் அத்தடம் அகற்றப்பட்டது. அகமதாபாத்தில் 2009இல் தொடங்கிய ‘ஜன்மார்க்’ சேவையோ தனி நிறுவனமொன்றின் கீழ், தனி நிலையங்களோடு, தூரத்துக்குப் பணம் என்னும் ஒப்பந்தத்தோடு அமைக்கப்பட்டது, அது நிலைத்தது. கல்லை மட்டும் பரப்பிய இடத்திற் கல்லும் பெயர்க்கப்பட்டது. ஒழுங்கையும் சேர்த்து அமைத்த இடத்தில் இரண்டும் நின்றன. கருநாடக மாநிலத்தில் ஹூப்ளி, தார்வாட் என்னும் இரு நகரங்களை இணைத்து 2018இல் ஏறக்குறைய 22 கிலோமீற்றர் தூரத்துக்கு இத்தகைய சேவை தொடங்கிற்று. யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் உள்ள தூரத்தோடு அது ஒப்பிடத்தக்கது என்பதும் கருதத்தக்கது.

குரிட்டிபாவிற் குழாய் நிலையங்கள் எழுந்துகொண்டிருந்த காலத்தில், தெல்லிப்பழையிற் பஸ்சும் இல்லை, புகையிரதமும் இல்லை. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. வலிகாமம் வடக்கின் மக்கள் வீடு வாசல்களை விட்டு இடம்பெயர்ந்தனர். அப்பகுதியின் பெரும் நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் காப்பரண்களுக்குப் போயின. குடாநாட்டில் எரிபொருள் தடையுண்டிருந்த ஆண்டுகளிற் பழைய மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளே குடும்பங்களின் வாகனமாயிற்று. அந்நாட்களிலும் உயிரைப் பணயம் வைத்து வண்டி ஓட்டி ஊரை ஊரோடு இணைத்தவர்களுள் தனியார் பஸ் உரிமையாளரும் சாரதியரும் அடங்குவர். அவர்களது தொண்டை மறந்து இனிவரும் திட்டம் எதனையும் வகுப்பது அறமாகாது.

போர் 2009இல் முடிவுற்றது. நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 2014 ஒக்டோபர் 13ஆந் திகதி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 ஜனவரி 2ஆந் திகதி தெல்லிப்பழையைக் கடந்து காங்கேசன்துறை சென்றது. வீதி புதுக்கப்பட்டது. 2011இல், தீவின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பல இனத்தவரும் கால்நடையாகச் சென்று திரட்டிய நிதியினால், தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. வட மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளர் அங்கு வருகின்றனர். கதிர்ச் சிகிச்சை ஒருநாளில் முடிவதன்று. வாரக்கணக்கில் நாள்தோறும் தொடர்வது. வலுவிழந்த உடலோடு தரிப்பிடத்தில் நிற்பவருக்கு, 5 நிமிடத்துக்கும் 10 நிமிடத்துக்கும் உள்ள வேறுபாடு வெறுங்கணக்கு அன்று. நேர அட்டவணை அவருக்கு மருந்தின் ஒரு பகுதியாகும்.

பாதை இவ்வாறு மீண்டது. நேரம் இன்னும் முழுதாக மீளவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களின் உரிமம் மாகாண அதிகாரத்துக்கு உரியது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த இலங்கைப் போக்குவரத்துச் சபையோ மத்திய அரசுக்கு உரியது. வீதி ஒன்று, அதிகாரம் இரண்டு. மாணவரின் பருவச்சீட்டு சபையின் வண்டிக்கே செல்லும். தனியார் வண்டி வந்தாலும் சீட்டுடைய மாணவர் அடுத்த வண்டியை நோக்கி நிற்றல் வேண்டும். இருசாராருக்கும் ஒருங்கிணைந்த நேர அட்டவணை வேண்டும் என்னும் பேச்சு நெடுங்காலமாக நடக்கிறது. நேரத்தை எவ்வளவு நன்றாக வகுத்தாலும், ஆளுக்குக் காசு என்னும் அடிப்படை மாறாதவரை, வகுத்த நேரத்தை மீறுவதிலேயே இலாபம் இருக்கும். மீறுவோரைக் குறை கூறுவதினும், மீறச் செய்யும் ஏற்பாட்டை மாற்றுதலே அறிவுடைமை.

காங்கேசன்துறை வீதியின் நடுவே குரிட்டிபாவைப் போன்ற தடம் அமைத்தல் எளிதன்று. போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவே நிலையம் என அமைப்பதாயின் பத்து மீற்றருக்கு மேற்பட்ட அகலம் அவற்றுக்கே வேண்டும். கடைகளும் மதில்களும் கோயில்களும் வீதியோரம்வரை நெருங்கி நிற்கின்றன. அவற்றை இடித்துத் தடம் காண்பது, இடம்பெயர்ந்து திரும்பிய மக்களை மீண்டும் பெயர்ப்பதாகும். ஆயின் விரைவுப் பஸ் தடத்தின் உயிர்நிலைக்கு அகலம் வேண்டியதில்லை. சபை வண்டியும் தனியார் வண்டியும் ஒரே அட்டவணையில் ஓடுவதும், ஓடிய தூரத்துக்கே பணம் பெறுவதும், பருவச்சீட்டு இருவகை வண்டிக்கும் செல்லத்தக்கதாகி அதன் செலவை அரசு ஈடுசெய்வதும் ஓர் அங்குல நிலத்தையும் கேட்பனவல்ல. சுன்னாகம் போன்ற சந்தைப் பகுதிகளிற் காலையும் மாலையும் பஸ்சுக்கு முன்னுரிமை அளித்தல் ஒரு விதியினால் ஆகும். 2017இற் கொழும்பின் இராஜகிரிய வீதியில் அத்தகைய முன்னுரிமைத் தடம் பரீட்சிக்கப்பட்டது இந்நாட்டுக்கே உரிய அனுபவம். இருப்புப் பாதையோ புகையிரதத்துக்கென ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட தனித் தடம். தெல்லிப்பழை நிலையத்திற் புகையிரதம் வரும் வேளைக்கு வைத்தியசாலைக்குச் செல்லும் பஸ் நிற்குமாயின், இரண்டு பாதைகளும் ஒரே சேவையாகிவிடும்.

இம்மாற்றம் சிறு உரிமையாளரை வீதியிலிருந்து அகற்றுவதாக அமைதல் கூடாது. பொகோட்டாவிற் பழைய பஸ் உரிமையாளர் பலர் புதிய கம்பனிகளிற் பங்காளராயினர். நகையை அடகு வைத்து வண்டி வாங்கியவருக்கு, நாளுக்கு நாள் மாறும் வருவாயினும், ஓடிய தூரத்துக்குத் தவறாது கிடைக்கும் பணம் உறுதியானது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் நாடெங்கும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசைகளிற் கிடந்தபொழுது, பஸ் வண்டியின் அருமையை எல்லாரும் உணர்ந்தனர். அவ்வுணர்வு தட்டுப்பாட்டோடு போய்விடலாகாது.

தேர் பல வடங்களாலும் இழுக்கப்படுகிறது; ஆயின் எல்லாரும் ஒரு திசையிலேயே இழுக்கின்றனர். அதனாலேயே அத்தனை பெரிய தேர் குறித்த வேளையில் இருப்பிடம் சேர்கிறது. மாகாணம் ஒருபுறமும் மத்திய அரசு ஒருபுறமும், சபை ஒருபுறமும் உரிமையாளர் ஒருபுறமும் இழுக்கும்வரை தெல்லிப்பழைத் தரிப்பிடத்திற் பயணி காத்தே நிற்பார். ஏறக்குறைய கால் நூற்றாண்டாய் இழந்த பாதையை மீட்டுக்கொண்ட ஊருக்கு, நேரத்தையும் மீட்டுக்கொள்ளுதல் இயலாததன்று.